இசெங்கே கிராமத்தின் அறுநூற்றுப் பன்னிரண்டு வயல்கள்

இசக்கிசெல்வியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அவளைப் பற்றி எங்கள் ஆபீஸ் கடைசியாக எழுதியது வேலைநீக்கக் கடிதம். நாலு வரி. நாலும் பொய். அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தது நானில்லை என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், நடக்கவில்லை.

என் பெயர் வேங்கடசுப்ரமணியன். வயது ஐம்பத்தாறு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, இப்போது திலக் நகரில் குடியிருக்கிறேன். ஆபீஸ் குர்லாவில். கீழே கார் சீட் கவர் தைக்கிற கடைகள், மூன்றாவது மாடியில் நாங்கள். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து, போயே பார்த்திராத நாடுகளுக்கு வரைபடம் போட்டுத் தருகிறோம். செயற்கைக்கோள் எடுத்த படம் திரையில் வரும். அதில் தெரிகிற வீடு, ரோடு, ஓடை, வயல் ஒவ்வொன்றையும் மவுஸால் சுற்றிக் கோடு போட்டு, இது இன்னது என்று குறிக்க வேண்டும். கோடு போடுகிறவர்கள் ஆபரேட்டர்கள். அதைச் சரிபார்க்கிறவன் நான். ஸ்கூல் வாத்தியார் மாதிரி சிவப்பில் வட்டம் போடுகிற வேலை, வாத்தியாருக்கு இருக்கிற கர்வமும் உண்டு.

இசக்கிசெல்வி நாலு வருஷம் என்னிடம் வேலை பார்த்தாள். தாராவிக்காரி. அப்பா இல்லை. அம்மா முப்பிடாதியம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. பி.காம் முடித்துவிட்டு, மவுஸ் பிடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் எங்களிடம் வந்தவள். ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு, மராத்தியில் சண்டை போடும் அளவுக்குப் புலமை, தமிழை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதற்காக அவளைக் கேலி செய்திருக்கிறேன். அவளும், "சார் படிச்சு எனக்கு அர்த்தம் சொல்லுங்க, நான் வரைஞ்சு உங்களுக்குச் சம்பளம் வாங்கித் தாரேன்" என்பாள். அது உண்மையும்கூட. அவள் ஒரு நாளில் முடிக்கிறதை மற்றவர்கள் ஒன்றரை நாளில் முடிப்பார்கள்.

போன வருஷம் எங்களுக்குத் தான்சானியாவின் நடுப்பகுதியில் ஒரு மாவட்டம் வந்தது. லுசிம்பி என்று பெயர். மற்றவர்களுக்கு அது இன்னொரு ஃபைல். இசக்கிசெல்வி மட்டும் அந்த மாவட்டத்தை ஏதோ பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரித்தாள். க்ளையன்ட் அனுப்பிய குறிப்புகளை லோக்கல் டிரெயினில் நின்றுகொண்டே போனில் படிப்பாள். மாகாணம், அதற்குக் கீழே மாவட்டம், அதற்குக் கீழே டிவிஷன், வார்டு, கிராமம், கடைசியில் குடியிருப்பு. இந்த வரிசையை ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தாள். வார்டுக்கு ஓர் அதிகாரி உண்டு, கிராமத்துக்கென்று ஒரு சபை உண்டு, நிலம் யாருக்கு என்பதில் அந்தச் சபைக்குப் பேச்சு உண்டு என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மேட்டுநிலம் அது. சிவந்த மண், இடையிடையே குன்று மாதிரி பெரும்பாறைகள். கிழக்கே நிலம் சட்டென்று சரிந்து தாழ்வாகிறது. ஆறு என்று படத்தில் எழுதியிருக்கும், பார்த்தால் வெறும் மணல்தான் ஓடும். டிசம்பரில் மழை ஆரம்பித்து ஏப்ரலில் நின்றுவிடும். அந்த ஐந்து மாதத்துக்குள் சோளம், கம்பு, சூரியகாந்தி, நிலக்கடலை எல்லாம் போட்டு எடுத்துவிட வேண்டும். ஜூனில் அறுப்பு முடிந்ததும் மாடுகளைத் தட்டை மேய விட்டுவிடுவார்கள். அதன்பிறகு ஆறு மாதம் நிலம் மொட்டையாகக் கிடக்கும். எங்களுக்கு வந்த படம் செப்டம்பர் மாதத்தது. ஏனென்றால் செப்டம்பரில்தான் மேகம் இருக்காது, படம் பளிச்சென்று விழும்.

தப்பு எங்கே நடக்கப் போகிறது என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கும் அன்றைக்குப் புரிந்தது. அதுதான் விஷயம்.

எங்கள் கையேட்டில் ஒரு விதி: பயிர் தெரியாவிட்டால் "வெறும் நிலம்" என்று குறிக்க வேண்டும். ஆபரேட்டருக்குச் சந்தேகம் வந்தால் கேள்விப் பட்டியலில் எழுதலாம். அதைப் படித்து, பதில் போட்டு, மூடுகிறவன் நான். திறந்திருக்கிற கேள்வி ஒன்று இருந்தாலும் ஃபைலை அனுப்ப முடியாது. இசெங்கே என்ற கிராமத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டு நிலங்களை இசக்கிசெல்வி விதிப்படி "வெறும் நிலம்" என்று குறித்துவிட்டு, கேள்வி ஒன்று எழுதினாள். எழுதியதோடு விடாமல் என் மேஜைக்கும் வந்தாள். வெள்ளிக்கிழமை, மணி ஐந்தேகால்.

"சார், இசெங்கேல கெடக்குறது சும்மா நெலம் இல்ல சார். வயலு."

"பயிர் தெரியறதா?"

"தெரியல. ஆனா நடபாதையைப் பாருங்க. சும்மா கெடக்குற எடம்னா ஜனங்க குறுக்கால நடப்பாவ. எங்க ஏரியாவுல ஒரு மைதானத்தக் காலியா விட்டுப் பாருங்க, மூலைக்கு மூலை ஒத்தையடிப் பாதை விழுந்துரும். இங்க எல்லாப் பாதையும் ஓரமாச் சுத்திச் சுத்திப் போகுது. யாரோ ஒருத்தருக்குச் சொந்தம்னு தெரிஞ்சுதானே சார் சுத்திப் போறாவ?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மெல்லிய கோடுகளாகப் பாதைகள், ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பிடித்து வளைந்து வளைந்து போயின. ஒன்றுகூடக் குறுக்கே போகவில்லை. முப்பது வருஷம் படம் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லையே என்று முதலில் வந்தது எரிச்சல்தான்.

"கையேட்டுல என்ன போட்டிருக்கு? பயிர் தெரியலைன்னா வெறும் நிலம். நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியுமோ?"

"மாத்த வேண்டாம் சார். க்ளையன்ட்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. மழைக்காலத்துப் படம் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, போதும்."

கேட்டிருந்தால் ஃபைல் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போயிருக்கும். மேனேஜர் ரெனால்டிடம் அரை மணி விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஆறரைக்கு மாட்டுங்காவில் ஒரு கச்சேரி, முன்வரிசை டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்றேன். அவள் போனதும் பட்டியலைத் திறந்து, அவள் கேள்விக்கு எதிரே "சரிபார்த்தாயிற்று" என்று குறித்து மூடினேன். ஃபைல் போயிற்று. கச்சேரி நன்றாக இருந்தது.

அவள் ஏன் அவ்வளவு வற்புறுத்தினாள் என்பது எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்பு அவர்கள் சந்துக்கு வீடுவீடாகக் கணக்கெடுக்க வந்தபோது, முப்பிடாதியம்மாள் ஆஸ்பத்திரியில் இரட்டை ட்யூட்டி, இசக்கிசெல்வி பள்ளிக்கூடத்தில். வந்தவர்கள் கதவில் பூட்டைப் பார்த்தார்கள், "ஆளில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பதினெட்டு வருஷம் அதே பத்தடி அறையில் குடியிருந்தவர்கள் அங்கே குடியிருப்பதை நிரூபிக்க அதன்பிறகு எத்தனை ஆபீஸ் ஏறினார்கள் என்பதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இதெல்லாம் தெரிந்துதான் அவள் கேள்வியை மூடினேன்.

ஏழு மாதம் கழித்து மெயில் வந்தது. லுசிம்பி மாவட்ட அலுவலகம் எங்கள் வரைபடத்தை வைத்துத் தரிசு நிலங்களின் பட்டியல் போட்டிருந்தது. மாட்டுப்பண்ணை வைக்க இடம் தேடிய ஒரு வெளியூர்க் கம்பெனி, இசெங்கேயில் யாரும் உழாத நிலம் இவ்வளவு இருக்கிறதே என்று குத்தகைக்கு மனுப் போட்டிருந்தது. கிராமத்துக்காரர்கள் விதைக்கப் போகும் நேரத்தில் எல்லைக்கல் நட ஆள் வந்திருக்கிறார்கள். வயல்களை வெறும் நிலம் என்று முடிவு செய்தது யார் என்று க்ளையன்ட் கேட்டிருந்தார்கள்.

ரெனால்ட் டோம்பிவிலியிலிருந்து தினமும் டிரெயினில் தொங்கிக்கொண்டு வருகிற மனுஷன், பத்து மணிக்கே களைத்திருப்பார். அன்றைக்கு மீட்டிங் ரூமில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார்.

"ஆபரேட்டர் ஐடி செல்வியோடது. செல்வி, நீங்கதானே இதை வெறும் நிலம்னு போட்டீங்க?"

"ஆமா சார்."

"டவுட் வரலையா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சலாகப் பார்த்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகத்தான் பார்த்தாள், அடுத்துப் பேச வேண்டியவர் இவர்தான் என்பதுபோல. ரெனால்ட் என் பக்கம் திரும்பி, "சார், உங்க கவனத்துக்கு வந்துச்சா?" என்றார்.

"நிறைய ஃபைல்... பழைய விஷயம்... பார்க்கணும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. பட்டியலைத் திறந்து பார் என்று ரெனால்டிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கேள்விப் பட்டியலைப் பார்க்கிற ஆளும் இல்லை. க்ளையன்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, பெயர் கிடைத்தது. "கவனக்குறைவு" என்று கடிதத்தில் எழுதினார்கள். இசக்கிசெல்வி மானிட்டரில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தைக்கூட எடுத்துப் போகவில்லை. போகும்போது என்னிடம் "வாரேன் சார்" என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. பெண்டாட்டி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். திலக் நகருக்கும் குர்லாவுக்கும் இடையே ஒரே ஸ்டேஷன் தூரம்தான், அந்த மூன்று நிமிஷத்தில்கூட மீட்டிங்கில் செல்வி பார்த்த பார்வை வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். ரெனால்டிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் அறை வரைக்கும் போனேன். ஒரு தடவை லீவு கேட்டேன். இன்னொரு தடவை ஏசியைக் குறைக்கச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு மெயில் வந்தது. இந்தத் தடவை க்ளையன்டிடமிருந்து இல்லை. இசெங்கே அடங்கிய வார்டின் நிர்வாக அதிகாரி, நீமா மசாங்கா என்று ஒரு பெண்மணி, நேராக எங்கள் ஆபீஸுக்கு எழுதியிருந்தார். குத்தகை மனு மீது மாவட்ட அலுவலகத்தில் பதினாலாம் தேதி விசாரணை. கிராம சபை ஆட்சேபம் கொடுத்திருக்கிறது. ஆனால் வரைபடம் ஓர் ஆவணம், கிராமத்தார் பேச்சு வெறும் பேச்சு. வரைபடத்தைச் சரிபார்த்தவர், அந்தக் குறிப்பு தவறு என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் தந்தால் மட்டும் ஆட்சேபத்தை ஏற்பார்களாம். பதினாலுக்குள் வேண்டும். கீழே அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுக்கும் உரிய குடும்பங்களின் பெயர்களைச் சேர்த்திருந்தார். பதினோரு பக்கம்.

ரெனால்ட் படித்துவிட்டு, "ரிப்ளை பண்ணாதீங்க சார். லீகலா மாட்டிக்குவோம். வக்கீல் பார்க்கட்டும்" என்றார். வக்கீல் இருபதாம் தேதிதான் ஊரிலிருந்து வருகிறார்.

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சயான் ஸ்டேஷனில் இறங்கி, விசாரித்து விசாரித்து அவர்கள் சந்துக்குப் போனேன். ஐம்பத்தாறு வருஷம் மாட்டுங்காவிலும் செம்பூர்ப் பக்கமும் காலம் தள்ளியவன், ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிற தாராவிக்குள் காலடி வைத்தது அன்றுதான் மூன்றாவது தடவை. முப்பிடாதியம்மாள் என்னைப் பார்த்ததும் கட்டிலில் இருந்த துணியை அவசரமாக ஒதுக்கினார்.

"வாங்க சார், உக்காருங்க. உங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாது இவ. சார்தாம்மா எனக்கு வேலை படிச்சுக் குடுத்தாவன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. வேலை போனதுக்கு உங்கள ஒண்ணும் நெனைக்கல சார். அது அவ தலையெழுத்து."

அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். டீ கொடுத்தார். குடித்தேன்.

"செல்வி, உன் கேள்வியை மூடினது நான்தான்" என்றேன். அவள் அம்மா எதிரிலேயே சொன்னேன். சொல்லாமல் போய்விடுவேனோ என்று எனக்கே பயம்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"மூடினது யாருன்னு பக்கத்துலயே பேரு வரும்லா. அந்தத் திங்கக்கிழமையே பாத்தேன்."

"அப்போ மீட்டிங்ல ஏன் சொல்லலை? பட்டியலைக் காட்டியிருந்தா உன் வேலை போயிருக்காதே."

அவள் டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "நீங்க சொல்லுவியன்னு இருந்தேன் சார். வயசுல பெரியவுக, நான் முந்திக்கிட்டுச் சொன்னா உங்களக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும்லா. ஒரு நிமிஷம் பாத்தேன். ரெண்டு நிமிஷம் பாத்தேன். அப்புறம் பேச்சு வேற பக்கம் போயிருச்சு" என்றாள்.

எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. நாலு வருஷமாக நான் வாங்கிக்கொண்ட மரியாதையை வைத்தே அவளைக் கவிழ்த்திருக்கிறேன். நீமா மசாங்காவின் மெயிலைப் போனில் காட்டினேன். பதினோரு பக்கப் பெயரையும் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரை பார்த்தாள்.

"பதினாலுக்கு இன்னும் மூணு நாளுதான் இருக்கு. இப்பவே எழுதுங்க சார்."

போனிலேயே எழுத ஆரம்பித்தேன். எங்கள் அலுவலகத்தில் ஏற்பட்ட ஒரு கவனப்பிசகால் என்று தொடங்கி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி வழவழவென்று வந்தது. முப்பது வருஷ உத்தியோகம் கற்றுத்தந்த பாஷை அது. படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"ஆபீஸ்னு ஒரு ஆளு இருக்காவளா சார்? விசாரணையில அந்த ஆளக் கூப்பிடுன்னா யாரு போய் நிப்பா? அவிய கேக்குறது சரிபாத்தவரோட கையெழுத்து."

அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்: ஆபரேட்டர் இவை வயல்கள் என்று எழுத்தில் தெரிவித்தார். நான் பார்த்தேன், அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. வேலை தாமதமாகும் என்பதால் கேள்வியை மூடினேன். தவறு என்னுடையது. பாதைகள் ஓரமாகச் சுற்றிப் போகிற விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல எழுதி, போனில் எடுத்துவைத்திருந்த நாலு இடத்தின் படத்தையும் சேர்த்தேன். சந்து முனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, நீமா மசாங்காவுக்கும் க்ளையன்டுக்கும் ரெனால்டுக்கும் ஒன்றாக அனுப்பினேன். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கப்புறம் அன்றுதான் பசித்தது.

பதினாறாம் தேதி நீமா மசாங்காவின் பதில் வந்தது. ஆட்சேபம் ஏற்கப்பட்டது. குத்தகை மனு தள்ளுபடி. மழைக்காலப் படத்தை வைத்துப் புது வரைபடம் போடும்வரை இசெங்கேயில் யாரும் கல் நடக்கூடாது. க்ளையன்டும் எழுதியிருந்தார்கள். தவறை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்கிற நிறுவனத்தை அவர்கள் பார்த்ததில்லையாம், அடுத்த இரண்டு மாவட்டமும் எங்களுக்கே. கடிதம் போனதிலிருந்து ரெனால்ட் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மெயிலுக்குப் பிறகு எல்லோரையும் கூப்பிட்டு எனக்குக் கைதட்டச் சொன்னார். நான் நின்றேன். கைதட்டினார்கள்.

கைதட்டல் முடிந்ததும் அவர் அறைக்குப் போய், "செல்வியைத் திரும்பக் கூப்பிடுங்கோ" என்றேன்.

"சீட் ஃபில் ஆயிடுச்சு சார். அதோட இப்ப கூப்பிட்டா, தப்பா டெர்மினேட் பண்ணினோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. கேஸ் போட்டா? விடுங்க சார், அவங்க யங்கு, வேற கிடைக்கும்."

வாதாடினேன். நான் ராஜினாமா செய்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உங்க பெண் கல்யாணம் எப்போது சார் என்று கேட்டார். மே மாதம் என்றேன். அத்துடன் வெளியே வந்துவிட்டேன். ராஜினாமா செய்யவில்லை.

இசக்கிசெல்வி இப்போது குர்லாவிலேயே ஒரு கூரியர் கோடவுனில் பார்சல்களை ஸ்கேன் செய்கிறாள், எட்டு மணி நேரம் நின்றபடி. வேறு இரண்டு மேப் ஆபீஸில் கேட்டாளாம். பழைய ஆபீஸ் கடிதத்தைக் கொண்டுவா என்கிறார்களாம், கொண்டுபோனால் "கவனக்குறைவு" என்ற சொல்லைத்தான் முதலில் படிக்கிறார்கள். போன வாரம் காலையில் குர்லா பிளாட்பாரத்தில் அவளை வரச் சொல்லிப் பார்த்தேன். ரெனால்ட் சொன்னதைச் சொன்னேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்" என்றாள். பிறகு, "அறுநூத்திப் பன்னெண்டும் கெடைச்சிருச்சா? ஒண்ணும் விட்டுப்போகலையே?" என்றாள்.

"எல்லாம் கிடைச்சுடுத்து. விதைச்சுட்டாளாம்."

"உங்கள ஒண்ணும் சொல்லலையே?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. "எல்லாரும் கைதட்டினா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள், நிஜமாகவே சிரித்தாள்.

ஆபீஸ் தராத அனுபவச் சான்றிதழை என் பெயரிலேயே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நாலு வருஷம் என்னிடம் வேலை செய்தாள், இசெங்கே வயல்களைச் சரியாகக் கண்டவள் அவள்தான், தவறு முழுக்க என்னுடையது என்று இரண்டே வரி. கீழே என் கையெழுத்தும் போன் நம்பரும். பிளாட்பாரக் கூட்டத்தில் ஓரமாக நின்று நிதானமாகப் படித்தாள். படித்து முடித்து, கசங்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா எழுதிருக்கிய சார்," என்றாள். "இந்த ரெண்டு வரியத்தான் அன்னைக்கு அந்த ரூம்ல சொல்லிருக்கலாம்லா."

கோபமாகச் சொல்லவில்லை. கோடவுனுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, பாலத்தின் படியேறிப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.